உப்புக்கண்டம்

மாமாவிடம் நீல நிற பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று இருக்கிறது. வேட்டைக்குக் கிளம்பும் நாளில் துப்பாக்கிக்கு முன்னால் அதுதான் வண்டியில் ஏறும். அந்த வருடத்து மான் லைசென்ஸ், ஹன்டர் எஜுகேஷன் அட்டை, துப்பாக்கி வாங்கிய ரசீது, குடியுரிமைச் சான்றிதழின் நகல், கொலராடோ மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகம். விதிப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மார்க்கர் கோடு.

"மான் இதையெல்லாம் கேக்குமாங்க மாமா?" என்று போன நவம்பரில் கேட்டேன்.

"மான் எங்க கேக்கப் போகுது? கேக்கறவன் ஒருத்தன் வருவான் மாப்ள. அவன் வாறப்ப நம்ம கையில இருக்கோணும்."

இருபது வருடத்துக்கு மேலாக ரோடு போடும் வேலையில் இருக்கும் எஞ்சினியர். பேப்பர் இல்லாமல் ஒரு லோடு ஜல்லிகூட இறக்கமாட்டார். தொழில் புத்தி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கொலராடோவின் மேற்கு ஓரத்தில், யூட்டா எல்லைக்குப் பக்கத்தில் கிராண்ட் ஜங்ஷன் என்ற ஊரில் இருக்கிறார். நான் டென்வரில். நடுவில் ராக்கி மலை, நாலு மணி நேர ஓட்டம். தீபாவளிக்கும் நீண்ட வார இறுதிகளுக்கும் அங்கே போய்விடுவேன். அத்தை மான்கறிக் குழம்பு வைப்பார். சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு எல்லாம் போட்டு ஊர் ருசியிலேயே இருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா வீடியோ காலில் வந்து "என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டால், மாமா போனுக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டுவார். கோழி என்று சொல்லு. நானும் கோழி என்று சொல்லுவேன். மூன்று வருடம் இப்படிப் போனது. ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்காதது இப்போது எனக்கே வியப்பாக இருக்கிறது. அம்மாவுக்கு மான்கறி பிடிக்காதுபோல என்று விட்டுவிட்டேன்.

நான் வேட்டைக்குப் போக ஆசைப்பட்டதற்கு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது. யூட்யூபில் நாலைந்து வீடியோ பார்த்திருந்தேன். ஆரஞ்சு உடுப்பில் பாறை மேல் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துப் போடலாம் என்பதும் இருந்தது. "ஒரு தடவை நானும் கூட வாறனுங்க" என்றேன். மாமா அப்போதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்து டென்வருக்குத் தபாலில் அனுப்பினார்.

அதில்தான் தெரிந்துகொண்டேன். என்னைப் போல வேலை விசாவில் இருப்பவன் இந்த நாட்டில் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. சட்டம் தரும் விலக்குகளில் ஒன்று, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். அதாவது மானைச் சுடுவதற்குச் சீட்டு வைத்திருந்தால் துப்பாக்கியைத் தொடலாம். கிரீன் கார்டுக்கு நான் நிற்கும் வரிசையை நினைத்தால் இது எவ்வளவோ பரவாயில்லை. வேட்டைப் படிப்பு முடிக்க வேண்டும். கொலராடோவில் 1949-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு அது கட்டாயம். ஏப்ரலில் விண்ணப்பம், அப்புறம் குலுக்கல். சில பகுதிகளுக்கு வருடக்கணக்காகப் புள்ளி சேர்த்தால்தான் சீட்டு விழும். மாமா எளிதில் கிடைக்கும் பகுதியைப் பார்த்துப் போடச் சொன்னார். விழுந்தது. நவம்பர் சீசன், ஆண் மான் ஒன்று. கோடை முழுக்க மாமாவின் பழைய .308 ரைபிளை வைத்துச் சுடுகளத்தில் பழகினேன். இருநூறு கெஜத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு காகிதத்தில் ஐந்துக்கு ஐந்து பட்ட பிறகுதான் "சரி, வா" என்றார்.

அங்கே இருப்பது மியூல் மான். கோவேறு கழுதையின் காது மாதிரி நீண்ட காது இருப்பதால் அந்தப் பெயர். நம் புள்ளிமானைப் போல அழகு என்று சொல்லமுடியாது. சாம்பல் பழுப்பு நிறம், கட்டையான உடம்பு, வெள்ளை வாலின் நுனியில் கறுப்பு. கொம்பு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, பிரிந்தது மறுபடியும் இரண்டாகப் பிரியும். மிரண்டால் ஓடாது, துள்ளும். நாலு காலையும் ஒன்றாக ஊன்றி ஸ்பிரிங் வைத்தது போல எழும்பும். பாறையும் புதரும் நிறைந்த சரிவில் ஓடுவதைவிட அதுதான் தப்பிக்க வசதி.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், பாதி மட்டும். கிராண்ட் ஜங்ஷனிலிருந்து டெல்டா போகும் சாலையில் கனிசன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அன்கம்பாக்ரே பீடபூமி. அதன் விளிம்பைத் தண்ணீர் அறுத்து அறுத்துக் கைவிரல் போலப் பல பள்ளத்தாக்குகள். அவற்றில் பெரியவை டொமிங்கஸ், எஸ்கலான்டே. 2009-ல் அந்த வட்டாரத்தைத் தேசியப் பாதுகாப்புப் பகுதி ஆக்கினார்கள். அரசு நிலம், யாரும் போகலாம். நாங்கள் போனது அவற்றில் ஒரு கிளைப் பள்ளம். எது என்று சொல்லமாட்டேன் என மாமாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேட்டைக்காரன் மச்சினன் கேட்டாலும் இடத்தைச் சொல்லமாட்டானாம்.

காலை மூன்றரைக்குக் கிளம்பி, வண்டியை நிறுத்தி, நெற்றி விளக்கில் இரண்டு மணி நேரம் நடந்தோம். விளக்கு வெளிச்சத்தில் தரை மட்டும்தான் தெரிந்தது. உறைந்துபோன சிவப்பு மண், ஆங்காங்கே பழைய பனி, சேஜ் புதரை உரசினால் கிளம்பும் மருந்து வாசனை. வெளுக்கத் தொடங்கியபோதுதான் எங்கே இருக்கிறோம் என்று பார்த்தேன். எதிரே ஒரே செங்குத்தாக விங்கேட் மணற்பாறைச் சுவர், வெந்த செங்கல் நிறம். சுவரின் அடியில் சரிந்து விழுந்த பாறைகள், அதற்குக் கீழே பின்யான் பைனும் ஜூனிபரும் அடர்ந்த சரிவு. எல்லாவற்றுக்கும் அடியில், ஓடை வெட்டிய இடத்தில் கரும்பாறை. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் நூறு கோடி வருடத்துக்கு மேல் பாறை காணவில்லை என்றார் மாமா. படிந்ததோ அரிக்கப்பட்டதோ, சாட்சி இல்லை. எனக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது.

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்துதான் சுட அனுமதி. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தண்ணீர் மாதிரி கீழ்நோக்கி இறங்கும். வெயில் ஏறியதும் திரும்பி மேலே போகும். நாம் கீழே இருந்தால் காலையில் மானுக்கு நம் வாசனை போகாது, பத்து மணிக்குப் போய்விடும். அதனால் எதிர்ச் சரிவில் ஒரு பாறைத் திட்டில் உட்கார்ந்து, பைனாகுலரில் அந்தப் பக்கத்தைத் துளித் துளியாகத் துழாவுவதுதான் வேலை. வேட்டை என்றால் நடப்பது என்று நினைத்திருந்தேன். பெரும்பாலும் உட்காருவதுதான்.

ஏழு மணிக்கு மேல் மாமா என் தோளைத் தொட்டார். இரண்டு பெட்டை மான்கள், அவற்றுக்குப் பின்னால் கழுத்துப் பெருத்த ஆண். எனக்குப் பார்க்கத் தெரியவே ஐந்து நிமிடம் ஆனது. முழு மானைத் தேடாதே, படுக்கைக்கோடு ஒன்று தெரிகிறதா பார், மரத்தில் எல்லாம் நேராக நிற்கும், குறுக்காகத் தெரிவது மானின் முதுகு என்றார். தெரிந்தது. மிகத் தூரம். நாங்கள் குனிந்தும் தவழ்ந்தும் நெருங்குவதற்குள் அது ஒரு ஜூனிபரின் நிழலில் படுத்துவிட்டது. கொம்பு மட்டும் தெரிந்தது. தூரம் அளக்கும் கருவியில் இருநூற்றுப் பதினைந்து கெஜம்.

"படுத்திருக்கறதச் சுடக் கூடாதுங்களா?"

"கொம்பையா சுடுவ? நெஞ்சு தெரியோணும். எந்திரிக்கட்டும், சித்தெ பொறு."

சித்தெ என்பது மூன்று மணி நேரம் ஆனது. பையின் மேல் துப்பாக்கியை வைத்துவிட்டுக் குப்புறப் படுத்திருந்தேன். மாமா பக்கத்தில் மல்லாந்து படுத்துத் தொப்பியை முகத்தில் போட்டிருந்தார். அப்படியே, தொப்பிக்கு உள்ளிருந்து, தணிந்த குரலில் பேசத் தொடங்கினார்.

"உங்க அப்புச்சிகிட்ட ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்துது, தெரியுமா?"

அப்புச்சி கேஸில் மாட்டிக்கொண்டதாக ஒரு பேச்சு வீட்டில் உண்டு. அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை. பவானிசாகருக்கு அக்கட்ட, மலை அடிவாரத்தில் அவர்கள் தோட்டம். காடு காக்க என்று லைசென்ஸ் கொடுத்த துப்பாக்கி. சத்தம் போட்டு விரட்டலாமே ஒழிய மானைச் சுடுவதற்கு அதில் உரிமை இல்லை. 1984, மாசி மாதம். கிணற்றுத் தண்ணீரில் போட்ட கடலை பூப்பிடிக்கும் சமயம். இரவில் புள்ளிமான் கூட்டமாக இறங்கி ஒரே இரவில் கால் ஏக்கரை மேய்ந்துவிட்டுப் போகும். அப்புச்சி ஒன்றைச் சுட்டார்.

"அது மொதத் தடவை இல்ல மாப்ள. எங்களுக்கு அது ஒரு விசயமாவே இல்ல. சுட்டா ராத்திரியே அறுத்து, நாலு வீட்டுக்குக் கூறு போட்டுக் குடுத்துட்டு, மிச்சத்துக்கு உப்பும் மஞ்சளும் பெரட்டி அம்மாயி நூல்ல கோத்துக் கொடியில போட்டுருவாங்க. உப்புக்கண்டம். எனக்குப் பதினோரு வயசு. அக்காதான் தூக்குப்போசியில கம்மஞ்சோத்தக் கட்டி, மேல ரெண்டு துண்டு வறுத்து வெச்சுக் குடுத்தாங்க. பள்ளிக்கூடத்துல பக்கத்துப் பையனுக்கு ஒரு துண்டு குடுத்தேன். ஆட்டுக்கறியாடான்னு கேட்டான். பெருமைக்கு, மானுன்னு சொன்னேன்."

அந்தப் பையனின் அப்பா காட்டில் வாட்ச்சராக இருந்தவர்.

"மூணு நாள் கழிச்சு ஜீப்பு வந்துது. கொடி கொடியாத் தொங்குது, எங்க கொண்டுபோய் ஒளிக்கறது? அதையே சாட்சிப் பொருளுன்னு சாக்குல கட்டிட்டாங்க. உங்க அப்புச்சி துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, கையக் கட்டிட்டு நின்னுட்டிருந்தாரு. பாத்துட்டே நிக்கறேன்."

பதினைந்து நாள் சப்ஜெயில். நாலு வருடம் கோர்ட். வக்கீலுக்கு ஒரு ஏக்கர் போனது. துப்பாக்கி போனது. அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பூ வைத்துவிட்டுப் போன இடத்திலிருந்து ஆள் வரவில்லை. அதற்கப்புறம் அவருக்குக் கல்யாணம் ஆனது இருபத்தேழு வயதில்.

எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது அப்புச்சி எப்போதும் திண்ணையில்தான் இருப்பார். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து, நிதானமாக, புழக்கடைக் கதவுப் பக்கம் போய்விடுவார். சத்தம் போன பிறகு வந்து உட்காருவார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைப்பேன்.

"நீங்க சொன்னதாலதான்னு அப்புச்சிக்குத் தெரியுமாங்க மாமா?"

"தெரியாமயா இருக்கும்? ஒருநாளும் கேக்கல."

"அம்மாவுக்கு?"

"கட்டிக் குடுத்ததே அவங்கதான." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நானும் அக்காவும் அதப் பத்திப் பேசினதே இல்ல. ஒருக்காகூட."

தொப்பியை எடுக்கவே இல்லை. நான் ஸ்கோப் வழியாகக் கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் வெயில் ஜூனிபருக்குள் இறங்கியது. மான் எழுந்து, பின்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது, எங்கள் வீட்டு நாய் மாதிரியே. முழு உடம்பும் பக்கவாட்டில் தெரிந்தது. மாமா என் காதருகே, "முன்னங்காலுக்குப் பின்னால, உடம்புல மூணுல ஒரு பங்கு மேல" என்றார். என் இதயம் துப்பாக்கிக் கட்டையில் இடித்தது எனக்கே கேட்டது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். வெடித்தது நான் எதிர்பாராத நேரத்தில். அப்படித்தான் வெடிக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்.

மான் துள்ளி, புதருக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. பள்ளத்தாக்கில் சத்தம் சுவருக்குச் சுவர் மோதிக்கொண்டே போனது. உடனே ஓடப் பார்த்தேன். மாமா சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அரைமணி. அடிபட்ட மானைத் துரத்தினால் கடைசி மூச்சையும் ஓட்டத்தில் செலவழித்து எங்கோ போய்ச் சாகும். விட்டால் பக்கத்திலேயே படுத்துவிடும். அந்த அரைமணியில் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: ஒன்று, தவறியிருக்கட்டும். இல்லை, செத்திருக்கட்டும். நடுவில் எதுவும் வேண்டாம்.

ஓடையைக் கடந்து ஏறினோம். அது நின்ற இடத்தில் ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தது. நுரையீரல் என்றார் மாமா. அவர் முகம் அப்போதுதான் தளர்ந்தது. அறுபது அடி தள்ளி ஓக் புதரின் அடியில் கிடந்தது. கண் திறந்திருந்தது. குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்த்தார், இமைக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நிம்மதி. அப்புறம் அதன் காதைத் தொட்டேன். உள்பக்கம் இன்னும் வெதுவெதுப்பு, மயிர் மிக மென்மை. வருத்தம் அப்போதுதான் வந்தது.

"டேக். மொதல்ல டேக்."

சீட்டைக் கிழித்துக் கையெழுத்துப் போட்டுத் தேதி எழுத வேண்டும், உடனே. மாமா ஒரு குரலில் அதட்டினார், இதுவரை கேட்டிராத குரல். எனக்குக் கை நடுங்கி எழுத வரவில்லை. அவருக்கும் நடுங்கியது. என் நடுக்கம் துப்பாக்கியால். அவர் ஜீப் வருகிறதா என்று பார்ப்பதுபோல இரண்டுமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். சாலையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ஈ காக்கை இல்லாத பள்ளத்தாக்கு அது.

பிறகு நடந்தது வேலை, நாலு மணி நேரம். எந்த வீடியோவும் இதைச் சரியாகக் காட்டுவதில்லை, வேகமாக ஓட்டிவிடுவார்கள். வயிற்றைக் கிழிக்காமலே அறுக்கும் முறை இங்கே வழக்கம். ஒரு பக்கத்துத் தோலை உரித்து, முன்னங்கால் சப்பை, முதுகுக் கறி, தொடை என்று எடுத்து, புரட்டிப் போட்டு மறுபக்கம். முன்சப்பை உடம்போடு எலும்பால் ஒட்டியிருக்கவில்லை, தசையிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. கத்தியை விட்டால் தானாக வந்துவிடுகிறது. கறியிலிருந்து ஆவி எழுந்தது. பின்னங்காலின் உள்பக்கம் ஒரு சுரப்பி, அதைத் தொட்ட கையால் கறியைத் தொட்டால் வாடை பிடித்துவிடும். ஆண் மான்தான் என்று காட்ட உரிய உறுப்பு ஒரு தொடையில் இயற்கையாக ஒட்டியபடியே இருக்க வேண்டும், அதுவும் விதி. மாமா ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தார், யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல. உண்ணத்தக்க கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது இங்கே குற்றம். கழுத்துக் கறியையும் சுரண்டி எடுத்தோம்.

முப்பது கிலோவுக்குக் குறையாத கறி, தலை வேறு. இருவரும் பிரித்துச் சுமந்தோம். ஐம்பத்தொரு வயது மனிதர் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார், நான்தான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். பைப்பட்டை தோளை அறுத்தது. முதுகுப் பக்கம் கறியின் சூடு முதலில் இதமாக இருந்து, பிறகு மெல்ல ஆறியது. சாகும்வரை மறக்காது என்று தோன்றுவது அதுதான், சுட்டது இல்லை.

வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டி. சீருடையில் ஓர் இளம்பெண், வைல்ட்லைஃப் ஆபீசர். இடுப்பில் துப்பாக்கி.

மாமா நின்றுவிட்டார். பையை இறக்கினார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். மைனஸ் இரண்டு மூன்று டிகிரி குளிரில், வெறுந்தலையோடு, இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்பை அன்று பகலில்தான் கேட்டிருந்தேன்.

அந்தப் பெண் சிரித்த முகமாகத்தான் கேட்டார். லைசென்ஸைப் பார்க்கலாமா? மாமா வண்டியைத் திறந்து முழு ஃபைலையும் எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். லைசென்ஸ் என் பெயரில், அது என் பாக்கெட்டில்தான் இருந்தது. அதுகூட அவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும், என்னிடம் கேட்டதற்கும், "யெஸ் மேடம்" என்றார். ஆபீசர் என் சீட்டைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், தொடையில் இருக்க வேண்டியது இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தார், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்தார். ஃபைலைத் திருப்பித் தந்தபடி, இத்தனை ஒழுங்காக யாரும் வந்து தான் பார்த்ததில்லை என்றார். பிறகு கையுறையைக் கழற்றி எனக்குக் கை கொடுத்தார். முதல் மானா, வாழ்த்துகள் என்றார். மாமாவுக்கும் கை கொடுத்தார். மாமாவின் கையில் காய்ந்த ரத்தம். துடைக்கப் போனவரைப் பரவாயில்லை என்று பிடித்துக் குலுக்கினார்.

வண்டியில் ஏறிய பிறகு மாமா சாவியைப் போடவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்து வெகுநேரம் ஆகியும் அப்படியே.

"கையக் குடுத்துட்டுப் போகுது பாரு அந்தப் புள்ள" என்றார் கடைசியில்.

அப்புச்சியைத் தியாகி ஆக்கிவிடக் கூடாது. அவர் செய்தது குற்றம்தான். 1972-ல் அந்தச் சட்டம் வரும் முன்பே இந்தியாவில் சிவிங்கிப்புலி இல்லாமல் போயிருந்தது. சட்டம் இல்லாவிட்டால் சத்தியமங்கலத்தில் என்ன மிஞ்சியிருக்கும்? 2008-ல் சரணாலயமாகி 2013-ல் அது புலிகள் காப்பகமும் ஆனது, மான் இல்லாத காட்டில் புலி இருக்காது. ஆனால் வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் ஒன்று தொண்டையில் சிக்கியது. 1972 சட்டத்திலேயே லைசென்ஸ் வாங்கி வேட்டையாட ஒரு வழி ஏட்டில் இருந்திருக்கிறது, 1991-ல் திருத்தம் வந்து அடைக்கும் வரை. 1984-ல் அடிவாரத்துக் கடலைக்காட்டுக்காரன் அதை எந்த ஆபீஸில், எந்த மொழியில் போய்க் கேட்டிருப்பான்? அது துரைகளுக்கும் ஜமீன்களுக்கும் இருந்த வழியின் வால்.

இங்கேயும் கதை சுத்தம் இல்லை. சந்தைக்காகச் சுட்டே மானை ஒழிக்கப் பார்த்தவர்கள்தான் இவர்களும். 1900-ல் லேசி சட்டம் வந்து, கள்ள வேட்டைக் கறியை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதை நிறுத்தியது. நான் சுட்ட மானில் ஒரு துண்டைக்கூட இன்று நான் விற்க முடியாது. ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் பதினொரு சதவீத வரி, 1937-ல் வந்த சட்டத்தால் அந்தப் பணம் காட்டுயிருக்கே போகிறது. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் நாங்கள் படுத்துக் கிடந்த அதே பீடபூமியில் தலைமுறை தலைமுறையாக மான் வேட்டையாடிய யூட் மக்களை 1881-ல் படை வைத்து யூட்டாவுக்கு வெளியேற்றிவிட்டுத்தான் இந்த ஏற்பாடு. அடுத்த மாநிலமான வயோமிங்கில், தன் முன்னோர் 1868-ல் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட காட்டில் 2014-ல் எல்க் மான் சுட்டதற்காக குரோ இனத்தைச் சேர்ந்த ஹெரேரா என்பவர் மீது வழக்குப் போட்டார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் வரை போய், ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் அவர் பக்கம் நின்றார்கள். அப்புச்சிக்கு உச்ச நீதிமன்றம் எல்லாம் இல்லை. சத்தியமங்கலம் தாலுகா பஸ்ஸும் ஒரு ஏக்கரும்தான். இந்தச் சீட்டு முறையை நம் ஊருக்குக் கொண்டுவரலாமே என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், சீட்டு யார் கைக்குப் போய்ச் சேரும் என்று தெரியும்.

மான் தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மானின் மூளையைத் தின்னும் ஒரு நோய் இருக்கிறது, 1967-ல் இதே கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில்தான் முதலில் கண்டார்கள். மனிதருக்கு வந்ததில்லை, ஆனாலும் இருந்தால் தின்னாதே என்பது அறிவுரை. முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் கிடந்தது. இல்லை என்று தகவல் வந்த சனிக்கிழமை நான் மறுபடி மலையைத் தாண்டி ஓட்டிப் போனேன்.

மாமா ஒரு பங்கை உப்புக்கண்டம் போட்டார். அவர் அமெரிக்காவில் அதைச் செய்வது அதுதான் முதல் முறை என்றார் அத்தை. கறியை விரல் நீளத்துக்கு அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் வரமிளகாயும் அரைத்துப் பிரட்டி, கோணி ஊசியில் நூல் கோத்து, வீட்டுக்குப் பின்னால் வேலிக்கும் பீச் மரத்துக்கும் நடுவில் கொடி கட்டினோம். அந்த ஊர்க் காற்றில் ஈரமே கிடையாது. நம் ஊரில் நாலு நாள் வெயிலில் காய்வது அங்கே இரண்டு நாளில் சுக்காகிவிடும்.

அம்மா வீடியோ காலில் வந்தார். மாமா கையை ஆட்டவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, திருப்பி, கொடியைக் காட்டினார்.

"அக்கா, மாப்ள சுட்டதுங்க. மானு. லைசென்சு இருக்குதுங்க."

அம்மா பேசவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இத்தனை கனமா அரிஞ்சா உள்ள காயாதுடா" என்றார். பிறகு, "வேலிக்கு அக்கட்ட யாரு வீடு?"

"பக்கத்து வீட்டுக்காரங்கதானுங்க. அவங்களும் வேட்டைக்குப் போறவங்கதான். இங்க யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கக்கா."

"இருக்கட்டும். வெளிய தெரியற மாதிரி போடாத. எடுத்து உள்ள கட்டு."

மாமா சரிங்கக்கா என்றார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கொடியை ஒரு முனையிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தார். நான் மறு முனையைப் பிடித்துக்கொண்டேன். கறி தரையில் படாமல் இருவருமாகக் கராஜுக்குள் கொண்டுபோய், வண்டிக்கு மேலே, சுவருக்குச் சுவர் கட்டினோம். அம்மா போனில் இருந்தபடியே, துண்டுக்குத் துண்டு ஒட்டாமல் தள்ளிவிடச் சொல்லிக்கொண்டிருந்தார்.